ஓடுகாலி நட்சத்திரமும் ஒரு பெட்டிக் கல்யாணப் பத்திரிகையும்

மலேசியாவுக்குப் போகிறவர்கள் இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொண்ட முதல் படத்தில் என் பக்கத்தில் இருப்பது ஒரு செம்பனைக் குலை, பாமாயில் பிழிகிற பழம். இருபது கிலோவுக்குக் குறையாது. முன்னால் போன லாரி வளைவில் திரும்பியபோது, வலையைப் பிய்த்துக்கொண்டு பறந்து வந்து எங்கள் காருக்கு நாலடி முன்னால் விழுந்தது. என் மகன் பிரபு பிரேக்கை மிதித்த மிதியில் பின்சீட்டுப் பெட்டி வாயைத் திறந்து, உள்ளே இருந்த கல்யாணப் பத்திரிகைகள் என் தலையில் கொட்டின.

அந்தப் பத்திரிகைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நான் கெடா மாநிலத்துக்கு வந்தது. பிரபு கூலிமில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். பக்கத்தில் கரங்கானில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டான். அவனுக்கு வயது முப்பத்துமூன்று. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் இந்த வயதுப் பையனுக்குப் பெண் கிடைப்பதும் பாறைக்காட்டில் தண்ணீர் கிடைப்பதும் ஒன்று. ஆழ்துளைக் கிணறு போடுகிறவன் நான். ஈரம் தட்டுப்பட்ட இடத்தில் கேள்வி கேட்கமாட்டேன். சாதகம் பார்த்தேன், முகூர்த்தம் குறித்தேன், பத்திரிகை அடித்தேன். மூன்றும் ஒரே வாரத்தில். பெண்வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அடிக்கலாமே என்று என் மனைவி சரஸ்வதி சொன்னாள். நல்ல நாளை யாராவது வேண்டாம் என்பார்களா என்று சொல்லி அச்சாபீசுக்குக் கிளம்பினேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிக்கொள்ள வேண்டும். நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். படித்தது ஐந்தாம் வகுப்பு. இன்றைக்கு என் பெயரில் பதினோரு ரிக் வண்டிகள் ஓடுகின்றன. ராஜஸ்தானில் ஒட்டகம் தண்ணீர் குடிக்கிறது என்றால் அதில் பாதித் தண்ணீர் நான் போட்ட குழியில் வந்தது. யார் தோளிலும் ஏறாமல், யார் கையையும் பிடிக்காமல், சொந்த வேகத்தில் மேலே வந்தவன். இதை நான் பேசாத கல்யாண மண்டபம் எங்கள் வட்டாரத்தில் கிடையாது.

லாரி நின்றது. ஒல்லியான ஓர் ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தார்.

"சோரி சார், சோரி. வலை பழசு சார். அடி ஏதும் பட்டுச்சா?" என்றவர், ஓட்டுநர் சீட்டில் இருந்தவனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "பிரபு தம்பியா? அப்ப இவங்க..."

"அப்பா," என்றான் பிரபு.

அந்த ஆள்தான் பெண்ணின் தகப்பனார் முனியாண்டி. நாங்கள் வருவதற்குள் ஒரு நடை ஆலைக்கு அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பியிருக்கிறார். சம்பந்தியை மாலை போட்டு வரவேற்பார்கள். என்னைக் குலை போட்டு வரவேற்றார்கள். அந்தக் குலையோடு நின்று நான் படம் எடுத்துக்கொண்டேன். அவரையும் நிற்கச் சொன்னேன். மனிதர் பயத்தில் சிரிக்கவே இல்லை.

கரங்கான் சிறிய ஊர். நாலு பக்கமும் செம்பனை. அங்கங்கே கொஞ்சம் ரப்பர் மரம், அதை இவர்கள் பால்மரம் என்கிறார்கள். நம் ஊரில் தோட்டம் என்றால் ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். இங்கே காரில் அரைமணி போனாலும் அதே மரம், அதே நிழல். சந்தேகம் வந்து பிரபுவிடம் வழி தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டேன்.

வீட்டில் முனியாண்டியின் மனைவி லெட்சுமி, "வாங்க சம்பந்தி, மொதல்ல பசியாறுங்க," என்றார். சாப்பிடக் கூப்பிடுவதற்கு எவ்வளவு மரியாதையான வார்த்தை! எங்கள் ஊரில் 'உண்டுட்டுப் போறது' என்பார்கள், அதோடு சரி. தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிக் கருவாடு, அதன்மேல் ஒரு மிளகாய்ச் சம்பல். முதல் வாய் இனிப்பாக இறங்கியது, இரண்டாவது வாயில் காது அடைத்தது. இந்த ஊர்க்காரர்கள் இதை விடிந்ததும் சாப்பிடுகிறார்கள். அதற்கப்புறம் வேலைக்கும் போகிறார்கள்.

பசியாறியதும் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்தேன். பெண் தர்ஷினி நின்றபடியே படித்தாள். இருபத்தொன்பது வயது, தகப்பனைப் போல ஒல்லி, ஆனால் தகப்பனைப் போலப் பயந்த கண் இல்லை. பினாங்கில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள்.

"கார்டு அழகா இருக்கு மாமா. ஆனா இந்தத் தேதியில எனக்கு டெலஸ்கோப் இருக்கு."

"என்ன இருக்குது?"

"தென்னமெரிக்காவுல, சிலியில, மலை மேல ஒரு பெரிய டெலஸ்கோப். அதுல ஒரே ஒரு நாள் எனக்குன்னு குடுத்திருக்காங்க. ரெண்டு தடவ எழுதிப் போட்டு இல்லன்னுட்டாங்க. மூணாவது தடவ கெடைச்சது. அங்க ராத்திரின்னா இங்க பகல். இங்கருந்தே கம்ப்யூட்டர்ல ஓட்டலாம். உங்க முகூர்த்த நேரம் இருக்கு பாருங்க, அப்ப அங்க சரியா நடுராத்திரி."

"வேற நாள் கேட்டு வாங்கிக்கோ அம்மிணி."

"தர மாட்டாங்க. விட்டா திரும்பவும் மொதல்லருந்து எழுதணும். கெடைக்குமான்னு தெரியாது."

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை எப்போதும் உடனே வரும். "மண்டபத்துல பொண்ணு ரூம்ல கம்ப்யூட்டர வெச்சுக்கோ. தாலி கட்டறதுக்கு ரெண்டு நிமிசம் எந்திரிச்சு வந்தாப் போதும்."

"அந்த ரெண்டு நிமிசத்துல அங்க மேகம் வந்துட்டா யாரு முடிவு பண்றது மாமா?"

"அப்படி அன்னிக்கு என்னத்தத்தான் பாக்கப்போற?"

"ஓடிப்போன ஒரு நட்சத்திரம்."

நான் என் மகனைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான். வீட்டுக்கு வரப்போகிற மருமகள், கல்யாணத்தன்று ஓர் ஓடுகாலியைத் தேடிக்கொண்டிருப்பாளாம்.

முனியாண்டி எழுந்தே விட்டார். "அவ கெடக்கிறா சம்பந்தி. சின்னப் புள்ள. நீங்க குறிச்ச நாளுதான் நாளு."

"அச்சடிச்சாச்சுங்க," என்றேன் நானும். எனக்கு அச்சடித்த தேதி என்பது குழிக்குள் இறக்கிய இரும்புக்குழாய் மாதிரி. இறக்கியதைத் திரும்ப உருவும் வழக்கம் என் தொழிலில் கிடையாது. தர்ஷினி எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்திரிகை மேசைமேலேயே கிடந்தது.

மறுநாள் சம்பந்தி என்னை ஊர் சுற்றிக் காட்ட யாருடைய காரையோ இரவல் வாங்கி வைத்திருந்தார். காரில் என்ன இருக்கிறது பார்க்க? உங்கள் லாரியிலேயே போகலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது. கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதைச் சரி செய்யும் விதத்தை நானே சொல்லிக் கொடுத்தேன், கேட்காமலே.

"சம்பந்தி, ஒரு விசயம்," என்று ஆரம்பித்தார். நான் திரும்பியதும், "அதோ டுரியான் பழக் கடை. சீசன்ல இங்க கூட்டம் நிக்கும்," என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போய், "ஒரு விசயம் சம்பந்தி," என்றார். அந்தத் தடவை ஒரு பள்ளிவாசலைக் காட்டினார். மூன்றாவது தடவை நானே வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன்.

"சொல்லிப்போடுங்க சம்பந்தி."

"தேதிய மாத்த வேணாம். புள்ளகிட்ட ராத்திரி பேசிட்டேன். விட்டுர்றேன்னு சொல்லிட்டா." ஸ்டீயரிங்கைப் பார்த்தே சொன்னார். "அவளுக்காக ஒரு நல்ல எடம் கெட்டுப் போகக்கூடாது பாருங்க."

நான் ஜெயித்துவிட்டேன். வழக்கமாக ஜெயித்ததும் எனக்கு ஒரு டீ குடிக்கத் தோன்றும். அன்றைக்குத் தோன்றவில்லை.

"சரி, அந்த நட்சத்திரம் ஏனுங்க ஓடுது?"

மனிதர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. "இந்த லோரிலதான் எனக்குச் சொன்னா. ஸ்கூல் முடிஞ்சு வர்ற நாள்லருந்து இதே சீட்டுல ஒக்காந்து ஏதாச்சும் சொல்லிக்கிட்டே வருவா. ரெண்டு நட்சத்திரம் சம்பந்தி, ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கும். அதுல ஒண்ணு எரிஞ்சு முடிஞ்சது. வெள்ளைக் குள்ளன்னு பேரு. அடுப்புக் கங்கு மாதிரி. சைசு நம்ம பூமி அளவுதான், எடை சூரியன் அளவு."

அந்த மாதிரி ஆட்களில் இரண்டு பேரை எனக்கு நன்றாகத் தெரியும். இருவரும் நிலத்தரகர்கள்.

"அந்தக் குள்ளன் சும்மா இருக்காது. கூட சுத்துறதுகிட்டருந்து உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒரு அளவுக்கு மேல தாங்காது. ஒரு நாளு வெடிச்சிரும். ஒண்ணும் மிஞ்சாது, சுத்தமா காலி. கூட சுத்தினது அப்படியே பிச்சுக்கிட்டு ஓடிரும். விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல போறதெல்லாம் இருக்காம்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். திருச்செங்கோட்டிலிருந்து கரங்கானுக்கு மூன்று விநாடிகூட ஆகாது. எனக்கு வழியில் மட்டும் ஒன்றரை நாள் போனது.

"வெடிச்ச வெடியில தூக்கி வீசியிருக்கும்," என்றேன், தெரிந்தவன் மாதிரி.

"நானும் அப்படித்தான் லா சொன்னேன். சிரிக்கிறா. நேத்து அந்தக் குலைய நானா வீசினேன்? லோரி வளையுது. வலை புடிச்சிருக்கிற வரைக்கும் குலையும் கூடவே வளையும். வலை பிஞ்சுச்சு, அது போய்க்கிட்டிருந்த வேகத்துல நேரா போயிருச்சு. அது லோரி குடுத்த வேகம் சம்பந்தி. நட்சத்திரமும் அப்படித்தான். சுத்தறப்பவே அந்த வேகம் இருந்துச்சு. புடிச்சு வச்சிருந்தது போயிருச்சு, அவ்வளவுதான். வெடியில ஒரு சின்ன தள்ளு இருக்கும், மத்ததெல்லாம் பழைய வேகம்."

அதற்கப்புறம் வழியெல்லாம் கியர் முரண்டு பிடித்தது. யோசனை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். முதல் ரிக் அவனுடையது. எட்டு வருடம் அவன் பின்னாலேயே சுற்றினேன். விடியுமுன் எழுந்திருப்பது, பாறைத்தூளை நாக்கில் வைத்துப் பார்ப்பது, டீசல்காரனிடம் சிரித்துக்கொண்டே சண்டை போடுவது, எல்லாம் அந்தச் சுற்றில் வந்தது. பிறகு அவன் போட்ட குழியெல்லாம் வரிசையாகக் காய்ந்தது. குடித்தான், வண்டியை விற்றான், அதையும் குடித்தான். இரண்டே வருடத்தில் ஆளே இல்லை. நான் தெறித்து வெளியே வந்து விழுந்து எழுந்து ஓடினேன். அதற்குத்தான் நான் மண்டபம் மண்டபமாகச் சொந்த வேகம் என்று பெயர் வைத்திருந்தேன். இந்தப் பெண்ணை இன்னும் மேடையில்கூட உட்கார வைக்கவில்லை, அதற்குள் என் சுயசரிதையில் கை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் எல்லோரும் ஒரே காரில் மெர்போக் பக்கம் போனோம். ஆயிரம் வருடத்துக்கு முன் நம் ஆட்கள் வந்து கட்டிய கோயில்களாம். அடித்தளம் மட்டும் இருக்கிறது. பத்திரமாக வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊராக இருந்தால் அந்தக் கல்லை எடுத்து இந்நேரம் நாலு மாட்டுத்தொழுவம் கட்டியிருப்போம். பின்னால் ஜெராய் மலை மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

திரும்பும் வழியில் செமிலிங்கில் ஒரு கடையில் ரொட்டி சானாய். மாவை வீசி வீசி அடிக்கிறார் மாஸ்டர். வாங்கியவர் கையில் வந்து சேர்கிறது பஞ்சு மாதிரி. தர்ஷினி நல்லபடியாகத்தான் பேசினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், எனக்குப் பருப்புக் குழம்பு ஊற்றினாள். ஓடுகாலி பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை. அதனால் நான் பேசினேன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான்.

"இந்தப் பிரபு பொறந்தன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? ராஜஸ்தான்ல. எழுநூறு அடியில, தொளை போடற பிட்டு குழிக்குள்ள மாட்டிக்கிச்சு. ஆம்பளப் பையன்னு தந்தி வந்துச்சு. நான் அசையலையே. பன்னெண்டாம் நாளுதான் போய்ப் பாத்தேன். தொழில்னா அப்படி இருக்கோணும்."

"அவங்கம்மா ஒண்ணும் சொல்லலயா?" என்றார் லெட்சுமி.

"என்ன சொல்றது? பையன் எங்க போயிருவான்? பிட்டு போனா வருமா?"

"தேங்க்ஸ்ப்பா," என்றான் பிரபு, மூன்று நாளில் இரண்டாவது முறையாக வாயைத் திறந்து.

தர்ஷினி ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டாள், குத்தலாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள. "வேற ஆள விட்டுட்டு வந்திருக்கலாமே மாமா?"

"அதெப்படி அம்மிணி? அது நான் குறிச்ச பாயிண்டு. மண்ணப் பாத்தது நானு, எடத்தச் சொன்னது நானு, அந்த நேரத்துல நான் அங்க இல்லாம..."

அங்கே நின்றது என் பேச்சு. எல்லோருக்கும் திடீரென்று ரொட்டிமேல் அக்கறை வந்துவிட்டது. கடைக்காரர் மட்டும் வந்து மலாயில் இன்னொன்று போடட்டுமா என்று கேட்டார். போடச் சொன்னேன். பேசாமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே.

அதைத் தின்று முடித்தபின் கேட்டேன். "அந்த ஓடுகாலி யாரு கூட சுத்திக்கிட்டிருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கூட இருந்ததுதான் ஒண்ணுமில்லாமப் போயிருச்சே."

அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார். "மொகத்துல ஒட்டியிருக்கும் மாமா. வெடிச்சப்ப தெறிச்ச சாம்பல். வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தா, இரும்பு ஒரு எடத்துல கோடா தெரியும், கரி ஒரு எடத்துல தெரியும். சும்மா பொறந்த நட்சத்திரத்துல அந்தக் கணக்குல இருக்காது. அதத்தான் அன்னிக்குப் பாக்கணும்னு இருந்தேன். வேகமா ஓடுறது தெரியுது. எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல."

"சீக்கிரம் உதுந்து போயிராதா?"

"இல்ல மாமா. அது ரொம்ப காலம் இருக்கும்."

உண்மைதான். என் ஆட்களை இன்றைக்கும் நான் திட்டுகிற வசவு ஒன்றுகூட என்னுடையது இல்லை, எல்லாம் அண்ணன் வசவு. அவன் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

"பிரபு, வண்டிய எடு," என்றேன். "இங்க பக்கத்துல பஞ்சாங்கம் பாக்கற பூசாரி யாருடா?"

சிடாம் கிரியில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். போகிற வழியெல்லாம் முனியாண்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். "சம்பந்தி, மனசுல கோவம் வச்சுக்கிட்டுச் சொல்றீங்களா? புள்ளதான் விட்டுர்றேன்னு சொல்லிட்டாளே."

"விட்டவங்க கண்ணப் பாத்தீங்களா? பிட்ட குழிக்குள்ள விட்டுட்டு ஊருக்கு வந்தவன் மாதிரி இருக்குது. அப்படி ஒரு மருமகள நான் எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

"அப்ப கல்யாணம்..."

"கல்யாணம் நடக்கும். அன்னிக்கு நடக்காது."

பூசாரி சிறு வயதுக்காரர். பஞ்சாங்கத்தைப் போனிலேயே பார்த்தார். மூன்று வாரம் தள்ளி ஒரு முகூர்த்தம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையா என்று லெட்சுமி முதலில் அதைத்தான் கேட்டார். இங்கே கல்யாணம் என்றால் ஞாயிறாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லாம் தொழிற்சாலையில் லீவு எடுக்க வேண்டும். நம் ஊரில் நாள் பார்த்துக் கிழமையை மறந்துவிடுவோம். இங்கே கிழமை பார்த்து நாளைத் தேடுகிறார்கள். அது ஞாயிறுதான். அடித்த பத்திரிகையில் தேதியின்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார் லெட்சுமி. என் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒட்டுப்போட்ட பத்திரிகையா? புதிதாக அடிக்கிறேன் என்றேன். அந்த அளவுக்கு எல்லாம் நான் திருந்திவிடவில்லை.

தர்ஷினி நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவள் போனை எடுத்துப் பேராசிரியருக்கு ஏதோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்து, "மாமா, மேகம் வந்தா எந்த நட்சத்திரத்துக்குத் திருப்பறதுன்னு ஒரு லிஸ்ட் போடணும். நான் முன்னாடி வீட்டுக்குப் போகட்டுமா?" என்றாள். எனக்கு அது நன்றியைவிடப் பிடித்திருந்தது. இந்தப் பெண் வேலை தெரிந்தவள். என் ரிக்கில் இப்படி ஒரு ஆள் கிடைக்காமல் எத்தனை குழி வீணாய்ப் போயிருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலை, காப்பிக்கடையில் உட்கார்ந்து சரஸ்வதியைக் கூப்பிட்டேன். கோப்பி என்கிறார்கள் இங்கே, டின்பாலை ஊற்றிப் பாயசமாக்கித் தருகிறார்கள். அதைக் கலக்கிக்கொண்டே, தேதியை மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். சத்தம் போடுவாள், ஊர் வரவேற்புக்குப் பேசி வைத்த பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும் யார் பதில் சொல்வது என்பாள் என்று தயாராக இருந்தேன்.

"ஏனுங்க மாத்துனீங்க?"

"மருமகளுக்கு அன்னிக்கு வேலை இருக்குதாம்."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கும் நம்ம கல்யாணத்தன்னிக்கு டைப்ரைட்டிங் ஹையர் பரீச்சை இருந்துச்சுங்க," என்றாள். "ஹால் டிக்கெட்டெல்லாம் வந்திருச்சு."

முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அந்தக் காப்பிக்கடையில்தான் தெரிந்தது.

"ஏன் புள்ள, அப்பவே சொல்லியிருக்கலாமல்ல?"

"யாருங்க கேட்டீங்க?" கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். "சரி, புதுத் தேதியச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

சொன்னேன். எழுதினாள். திருப்பிப் படித்துக் காட்டினாள்.

"அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க," என்றாள். "அன்னிக்கு அங்க மேகம் வராம இருக்கோணும்னு நான் வேண்டிக்கறேன்னு."